விதி பதினான்கும் சித்திரை வெயிலும்

துத்தநாகத் தகடு ஆசிட்டில் சரியாக இருபது நிமிடம் கிடக்க வேண்டும். இது தென்கடலோர அச்சு வாரியத்தின் விதி பதினான்கு. இந்த விதியை எழுதியவரை எங்களில் யாரும் பார்த்ததில்லை. ஜன்னலைத் திறந்தால் பனி உள்ளே வந்து விழுகிற ஏதோ ஒரு நாட்டில், கம்பளிக் கோட்டு போட்ட ஒரு மனிதர் எழுதியிருக்க வேண்டும். மதுரையில் இருந்த தலைமை அலுவலகம் அதை வரிக்கு வரி தமிழாக்கி, அந்தக் குளிரை மட்டும் விட்டுவிட்டு, ராமநாதபுரத்தில் எங்கள் தகரக் கொட்டகைக்கு அனுப்பி வைத்தது.

வாரியம் பாதி அரசாங்கம், பாதி கூட்டுறவு என்பார்கள். ஒரு பாதியிடம் போய்க் குறை சொன்னால் அது மற்றப் பாதியைக் கை காட்டும். உரச் சீட்டு, சங்கப் படிவம், திருவிழா நோட்டீஸ், கால்நடைத் துண்டறிக்கை எல்லாம் எங்களிடம் அச்சாகும். எழுத்து மட்டும் என்றால் ஈய அச்சைக் கோத்துவிடலாம். படம் என்றால் அதற்கு பிளாக் செய்ய வேண்டும். துத்தநாகத் தகட்டில் படத்தை ஏற்றி, கோடு இருக்கிற இடத்தில் ஆசிட் படாதபடி ஒரு பூச்சுப் பூசி, தகட்டை ஆசிட் தொட்டியில் போட்டு ஆட்டுவார்கள். பூச்சு இல்லாத இடத்தை ஆசிட் தின்னும். கோடு மேடாக நிற்கும். குறைவாகத் தின்றால் பள்ளம் போதாமல் மை எல்லா இடத்திலும் ஒட்டி, படம் கரித்துணி மாதிரி விழும். அதிகமாகத் தின்றால் ஆசிட் பக்கவாட்டில் புகுந்து கோட்டையே அரித்துவிடும். தகட்டை எப்போது வெளியே எடுப்பது என்பதுதான் மொத்தத் தொழிலும்.

அந்தத் தொழில் மலையாண்டியின் கையில் இருந்தது. அபிராமத்துப் பக்கம் கூலிக்கு வரப்பு வெட்டிக்கொண்டிருந்தவர், மழை பொய்த்த ஒரு வருடம் பஸ் ஏறி வந்து, தினக்கூலிக்குத் தொட்டி ஆட்ட நின்றார். நான் பக்கத்து மேஜையில், முடிந்த தகட்டை மரக்கட்டையில் பொருத்தி ஆணி அடிக்கிறவன். அதனால் நடந்தது எல்லாம் என் கண் முன்னால்தான் நடந்தது.

மலையாண்டியிடம் கடிகாரம் கிடையாது. காலையில் வந்ததும் புறங்கையைத் தொட்டியின் வெளிப்பக்கத்தில் வைத்துப் பார்ப்பார். பிறகு தகட்டை உள்ளே விட்டு, ஒரு வெற்றிலையை மடித்து வாயில் போடுவார். தை மாதக் காலை என்றால் அந்த வெற்றிலை முழுதும் போய், இன்னொரு கால் வெற்றிலையும் போன பிறகு தகட்டைத் தூக்குவார். சித்திரை உச்சி வேளையில் தகரம் நெருப்பாக இறங்கும்போது, பாதி வெற்றிலை வாயில் இருக்கவே துப்பிவிட்டுத் தூக்கிவிடுவார். அடுத்தடுத்து மூன்று தகடு போட்டால் ஆசிட் தானாகவே சூடேறும் என்பதால் மூன்றாவது தகட்டுக்கு அதைவிடவும் சீக்கிரம். ஒன்பதரை வருடத்தில் அவர் தூக்கிய தகடு ஒன்றுகூடக் கெட்டதில்லை.

வாரியத்தில் ஒரு தினக்கூலி, மெமோ எதுவும் வாங்காமல் பத்து வருடம் உழைத்தால் நிரந்தரம். நிரந்தரம் ஆகாதவர்கள் தினமும் காலை எட்டு மணிக்கு இரும்புக் கேட்டுக்கு வெளியே வரிசையாக நிற்க வேண்டும். தலைமை எழுத்தர் செல்லச்சாமி உள்ளே நின்றபடி விரலை நீட்டுவார். விரல் யார் மேல் விழுகிறதோ அவர் உள்ளே வரலாம். மற்றவர்கள் பஸ்ஸ்டாண்டுக்குத் திரும்பலாம். மலையாண்டிக்கு ஐப்பசியில் பத்து வருடம் முடிகிறது.

“ஐப்பசிக்கு அப்பறம் நான் பாட்டுக்கு கேட்டத் தெறந்துக்கிட்டு உள்ள வருவேன்ல?” என்று என்னிடம் கேட்பார்.

“வாட்ச்மேன் ஒனக்குச் சலாம் வேற போடுவான்ண்ணே” என்பேன்.

“சலாம் வேணாம். விரலு வேணாம். அம்புட்டுத்தான்.”

எண்பத்து மூன்றாம் வருடம் சித்திரை முதல் வாரத்தில் ராமசுப்பிரமணியன் என்பவர் எங்களுக்குக் கண்காணிப்பாளராக மாறுதலில் வந்தார். நிலபுலம் உள்ள வீட்டுப் பிள்ளை. ஆனால் வெயிலை ஜீப்புக்குள் இருந்து மட்டுமே பார்த்தவர். வரும்போதே ஒரு பெரிய சுவர்க்கடிகாரம் கொண்டுவந்து, ஆசிட் தொட்டிக்கு நேர் எதிரே மாட்டினார். மாட்டிய அன்றே மலையாண்டி தகட்டைத் தூக்குவதைப் பார்த்துவிட்டார்.

“ஏம்ப்பா, போட்டு எவ்வளவு நேரம் ஆச்சு?”

“அரை வெத்தலைங்கய்யா.”

“என்னது?”

“சித்திரைக்கு அரை வெத்தலைங்கய்யா. தை பொறந்தா ஒண்ணேகால் போகும்.”

கண்காணிப்பாளர் கடிகாரத்தைப் பார்த்தார். ஏழு நிமிடம் ஆகியிருந்தது. விதிப் புத்தகத்தைக் கொண்டுவரச் சொல்லி, செல்லச்சாமியை விட்டு விதி பதினான்கை உரக்கப் படிக்கச் சொன்னார். படித்து முடிக்கும் வரை எல்லோரும் எழுந்து நின்றோம்.

“கேட்டியா? இருபது நிமிஷம். பதிமூணு நிமிஷத்த முழுங்கிட்டு நிக்கிற.”

“முழுங்கலைங்கய்யா. ஆசிட்டு காந்தலா இருக்கு, வேகமாத் திங்குது. இதுக்கு மேல போட்டா கோட்டத் தின்னுரும்.”

“இது சர்க்கார் ஆசிட். சர்க்கார் நேரப்படிதான் வேலை செய்யும்.”

“அது வெயில் நேரப்படியில்ல செய்யுது.”

கண்காணிப்பாளர் புத்தகத்தை வாங்கி மூடினார். பிறகு, மனிதன் ஒருவன் விதியை மீறுவதைத் தம்மால் புரிந்துகொள்ள முடியும் என்றும், ஒரு திரவம் மீறுவதாகச் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருக்க முடியாது என்றும் சொன்னார். இன்னொரு தகடு இருபது நிமிடத்துக்கு முன்னால் வெளியே வந்தால் மெமோ நிச்சயம் என்று சொல்லிவிட்டு அறைக்குப் போய் மின்விசிறியைக் கூட்டி வைத்தார்.

மதியம் பூமயில் தூக்குவாளியோடு வந்திருந்தாள். மலையாண்டியின் மனைவி. வாரத்தில் இரண்டு நாள் ராமநாதபுரம் சந்தைக்கு மிளகாய் கொண்டு வருகிறவள். கேட்டுக்கு வெளியே வேப்பமர நிழலில் விஷயத்தைக் கேட்டாள்.

“ஒனக்கு என்னா, அந்தத் தகடு ஒன் கூடப் பொறந்ததா? அவுக இருவது நிமிசம்னா இருவது நிமிசம் போடு.”

“படம் அழிஞ்சுபோகும்டி.”

“அழியட்டும். ஒன்பதர வருசம் கேட்டுல நின்னது நீயா, படமா? ஆறு மாசம் கண்ண மூடிக்கிட்டு நில்லு. ஒரு மெமோ வந்துச்சுன்னா மொதல்ல இருந்து எண்ணுவாக.”

மலையாண்டி கண்ணை மூடிக்கொண்டார். மறுநாள் முதல் ஒவ்வொரு தகடும் கடிகாரப்படி இருபது நிமிடம் கிடந்தது. தொட்டியில் நுரை பொங்கி, பழுப்புப் புகை கிளம்பி, நாங்கள் எல்லோரும் இருமினோம். மலையாண்டி மட்டும் முள்ளைப் பார்த்தபடி நின்றார்.

முதலில் வந்தது யாத்ரீகர்களுக்கான வரைபடம். பாம்பன் பாலத்தைக் காணோம். அதற்கு அந்தப் பக்கம் ராமேஸ்வரம் தீவு ஒரு கொசுவின் அளவுக்குச் சுருங்கியிருந்தது. கண்காணிப்பாளர் பூதக்கண்ணாடியை வைத்துத் தேடினார்.

“தனுஷ்கோடி எங்கப்பா?”

“அது அறுவத்தி நாலுலயே கடல்ல போயிருச்சுல்லங்கய்யா.”

“மிச்சம் கொஞ்சம் இருக்குமே?”

“மிச்சத்த ஆசிட்டு எடுத்துருச்சு.”

“இருபது நிமிஷம் போட்டியா?”

“முள்ளு தொட்டப்பறந்தான் எடுத்தேங்கய்யா.”

“அப்ப சரி.” படத்தின் அடியில் ‘கடற்கரை தோராயமானது’ என்று ஒரு வரி சேர்த்து அச்சிட்டு அனுப்பினோம். மண்டபத்தில் ரயில் நின்றபோது, வடநாட்டுக் குடும்பம் ஒன்று வரைபடத்தைப் பார்த்து, பூமி இத்தோடு முடிந்தது என்று மூட்டை முடிச்சோடு இறங்கிவிட்டதாகப் பிறகு கேள்விப்பட்டோம்.

அடுத்தது கால்நடைத் துண்டறிக்கை. ‘தரமான காளை, வளமான கன்று’ என்று தலைப்பு. கீழே காளையின் படம். இருபது நிமிடத்தில் கொம்பு போனது, வால் போனது, காளையைக் காளை என்று சொல்ல வைக்கிற மற்றதும் போனது. அபிராமம் சந்தையில் அதை வாங்கிப் பார்த்த சம்சாரிகள் சிரித்த சிரிப்பில், கொடுத்துக்கொண்டிருந்த மாட்டாஸ்பத்திரி ஊழியர் மீதிக் கட்டைக் கண்மாயில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். புகார் வந்தது. கண்காணிப்பாளர் பதில் எழுதினார்: ‘மேற்படி காளை விதி பதினான்கின்படி தயாரிக்கப்பட்டது.’ அதோடு புகார் முடிந்தது.

இப்படியே ஐப்பசி வரை ஓட்டியிருக்கலாம். நடுவில் வாரியத்துக்கு வெள்ளி விழா வந்துவிட்டது. விழா மலரின் முதல் பக்கத்தில் வாரியத் தலைவரின் படம். வாரியத் தலைவரைத் தெரியாதவர்களுக்கும் அவருடைய மீசையைத் தெரியும். இரண்டு பக்கமும் காதைத் தொட்டுவிட்டுக் கொஞ்சம் திரும்பி வருகிற மீசை. அது ஆனி மாதம், பகல் ஒரு மணி. மலையாண்டி தகட்டைக் கையில் வைத்துக்கொண்டு கண்காணிப்பாளர் அறை வாசலில் போய் நின்றார்.

“அய்யா, தலைவர் படம்.”

“தெரியும்.”

“இதுக்கும் இருவதா?”

“தலைவர் விதிக்கு மேலயா?”

இருபது நிமிடம் கழித்துத் தலைவர் வெளியே வந்தார். மீசை இல்லை. ஒரு காது பாதி இருந்தது. மூக்கு இருந்த இடத்தில் இரண்டு புள்ளி. நான் கட்டையில் ஆணி அடித்துக் கொடுத்தேன். மை போட்டு ஒரு தாள் ஓட்டினார்கள். ஓட்டிய தாளைக் கண்காணிப்பாளர் மேஜையில் வைத்ததும், மனிதர் எழுந்து நின்றுவிட்டார். படத்துக்கு மரியாதை செய்ய எழுந்தாரா, பயத்தில் எழுந்தாரா என்று தெரியவில்லை. அன்று மாலையே, ‘தொட்டித் தொழிலாளி மலையாண்டி என்பவர் தலைவரின் மீசையை அகற்றியது குறித்து’ மதுரைக்குக் கடிதம் போனது.

விசாரணைக்கு இணை இயக்குநர் வந்தார். கூட, தலைமை அலுவலகத்தில் தொழில்நுட்ப உதவியாளராக இருந்த உமையாள் என்கிற பெண்ணும் வந்திருந்தது. பி.எஸ்ஸி. வேதியியல் படித்த பெண். குற்றம் நிரூபணமானால் மெமோ. மெமோ வந்தால் பத்து வருடம் போச்சு. மலையாண்டி துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார்.

உமையாள் தொட்டிக்குள் ஒரு தெர்மாமீட்டரை விட்டுப் பார்த்தது. “முப்பத்தெட்டு டிகிரி இருக்கு சார். விதி எழுதின இடத்துல இருபது டிகிரி இருந்திருக்கும். பத்து டிகிரி ஏறினா ஆசிட் ஏறக்குறைய ரெண்டு மடங்கு வேகமா அரிக்கும். பள்ளிக்கூடப் புத்தகத்துலயே இருக்கு. இவர் ஏழு நிமிஷத்துல எடுத்ததுதான் சரி.”

“பள்ளிக்கூடப் புத்தகம் கல்வித் துறை” என்றார் இணை இயக்குநர். “இந்தத் தெர்மாமீட்டர் நம் ஸ்டாக் புத்தகத்தில் ஏறியிருக்கிறதா?”

“இல்ல சார். என்னோடது.”

“அப்படியானால் அது காட்டுவது உங்களுடைய சொந்தச் சூடு. கோப்பில் சேர்க்க முடியாது.”

பிறகு எங்களை எல்லாம் கூட்டி வைத்து ஒரு உரை நிகழ்த்தினார். முழுவதும் எனக்கு நினைவிருக்கிறது, ஏனென்றால் முழுவதும் வெயிலில் நின்று கேட்டேன்.

“வெயில் இருக்கிறது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் வெயில் வானிலைத் துறையைச் சேர்ந்தது. ஆசிட் நம்முடையது. நம்முடைய ஆசிட் இன்னொரு துறையின் பேச்சைக் கேட்டு நடந்துகொண்டால் நிர்வாகம் என்ன ஆவது? மதுரையில் என் ஏசி அறையில் தொட்டியை வைத்து ஆட்டச் சொன்னேன். இருபது நிமிடத்தில் பிளாக் கண்ணாடி மாதிரி வந்தது. ஆகவே விதி சரியாக இருக்கிறது. ராமநாதபுரம்தான் தவறாக இருக்கிறது. முப்பது வருடம் பணி செய்திருக்கிறேன். ஒரு நாள்கூட நிலைமையைப் பார்த்து நடந்துகொண்டவன் இல்லை நான். நிலைமை என்னைப் பார்த்து நடந்துகொள்ளட்டும்.”

கண்காணிப்பாளர் கை தட்டினார். நாங்களும் தட்டினோம்.

ராமநாதபுரத்தைச் சரி செய்ய ஐஸ் வரவழைப்பது என்று முடிவானது. திருப்பாலைக்குடிக்கு மீனுக்கு ஐஸ் ஏற்றிப் போகும் லாரியைக் கேட்டில் மறித்தார்கள். ஓட்டி வந்த பாக்கர் கீழக்கரைக்காரர்.

“என்னா மலையாண்டிண்ணே, இங்கன மீன் எங்க இருக்கு?”

“தலைவர் இருக்காருய்யா. அவரக் கெடாம வைக்கணுமாம்.”

“அல்லா! எத்தன நாளாச்சு?”

“ஏ பாய், உசுரோடதான் இருக்காரு. மீசைக்குத்தான் ஐஸு.”

எட்டுப் பாளத்தை இறக்கித் தொட்டியைச் சுற்றி அடுக்கினார்கள். கொட்டகை முழுக்க மீன் வாடை. ஒரு மணி நேரத்தில் ஆசிட் சில்லிட்டுப்போனது. புதுத் தகடு ஒன்றில் மறுபடி தலைவரை ஏற்றி, இணை இயக்குநரே தம் கையால் உள்ளே விட்டார். நுரை இல்லை, புகை இல்லை. ஆசிட் சும்மா கிடந்தது. இருபது நிமிடம் கழித்து எடுத்து மை போட்டு ஓட்டினால், தாளில் ஒரு கறுப்புச் சதுரம் விழுந்தது. மீசை இருந்தது என்று சொல்லலாம். மீசை மட்டும்தான் இருந்தது, தலை முதல் கழுத்து வரை.

“விதிப்படி செய்தோம். இப்போதும் ஏன் வரவில்லை?” என்று இணை இயக்குநர் உமையாளைக் கேட்டார், அதுதான் பிளாக்கைக் கெடுத்தது போல.

“இப்ப அஞ்சு டிகிரி சார். இந்தக் குளிருக்கு ஒரு மணி நேரம் போல ஆகும்.”

மலையாண்டிக்கு அதுவரை யாரும் பேச அனுமதி கொடுக்கவில்லை. அனுமதி கேட்காமலே முன்னால் வந்தார். புறங்கையைத் தொட்டியின் வெளிப்பக்கத்தில் வைத்துப் பார்த்தார். “ஏலே, அந்த ஓரத்துப் பாளம் நாலையும் தள்ளுங்கடா” என்று எங்களிடம் சொன்னார். நாங்கள் தள்ளினோம். காத்திருந்தார். மறுபடி கை வைத்தார். ஒரு பாளத்தை உடைத்துப் பாதியை எடுத்துப் போடச் சொன்னார். மூன்றாம் தடவை கை வைத்துவிட்டு, “இப்பப் போடுங்கய்யா, ஒங்க இருவது நிமிசத்துக்கு இதான் பதம்” என்றார். உமையாள் தெர்மாமீட்டரை விட்டுப் பார்த்துவிட்டுச் சிரித்தது. இருபது டிகிரி.

அந்தத் தடவை தலைவர் முழுதாக வந்தார். மீசை காதைத் தொட்டுத் திரும்பியது.

“பார்த்தீர்களா, இருபது நிமிடம்!” என்று இணை இயக்குநர் எல்லோரையும் பார்த்துச் சொன்னார்.

“டெய்லி அனுப்பவா சார்?” என்று, அதுவரை வேடிக்கை பார்த்து நின்ற பாக்கர் கேட்டார்.

“ஐஸ் மீன்வளத் துறை. அடிக்கடி வாங்க முடியாது” என்று சொல்லிவிட்டு, இணை இயக்குநர் மீதி ஐஸில் இரண்டு சோடாவைக் குளிர வைத்துக் குடித்தார்.

விழா மலர் வெளிவந்தது. முதல் பக்கத்தில் தலைவர். மூன்றாம் பக்கத்தில், ‘சூட்டை வென்ற நிர்வாகத் திறன்’ என்ற தலைப்பில் இணை இயக்குநர். அந்தப் படத்தின் தகட்டையும் மலையாண்டிதான் தூக்கினார். இணை இயக்குநர் மதுரைக்குப் போய்விட்டதால், அரை வெற்றிலையில்.

உமையாள் அறிக்கை எழுதியது. ஒளிவு மறைவு இல்லாமல் எழுதியது. சூடு கூடினால் ஆசிட் வேகமாக அரிக்கும் என்றும், ராமநாதபுரத்தில் சித்திரையில் ஏழு நிமிடமும் தை காலையில் பதினேழு நிமிடமும் போதும் என்றும், மலையாண்டி செய்தது முழுக்கச் சரி என்றும் எழுதி, மாதவாரியாக ஒரு பட்டியலும் இணைத்திருந்தது. அறிக்கை மதுரைக்குப் போகும்போது எங்களுக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் தலைமை அலுவலகம் அதை அப்படியே ஏற்றுக்கொண்டது. விதி பதினான்கு திருத்தப்பட்டது. பட்டியலைச் சட்டம் போட்டுத் தொட்டிக்கு மேலே மாட்டச் சொல்லி உத்தரவு வந்தது. மெமோ இல்லை. குற்றம் இல்லை. மலையாண்டி நிரபராதி.

பூமயில் அன்று கேட்டில் நின்ற எல்லோருக்கும் கருப்பட்டிப் பணியாரம் கொடுத்தாள். செல்லச்சாமிக்கும் இரண்டு கொடுத்தாள்.

ஐப்பசி இரண்டாம் வாரம் மலையாண்டியின் நிரந்தரக் கோப்பு மதுரையில் இருந்து வந்தது. கண்காணிப்பாளர் அவரைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். அதுவரை அந்த அறையில் அவரை யாரும் உட்காரச் சொன்னதில்லை. அதிலேயே எனக்குச் சந்தேகம் வந்தது.

கண்காணிப்பாளர் படித்தார்: “மேற்படி நபரின் பணி விஷயம் ஏற்கப்பட்ட அறிக்கையின் அடிப்படையில் மறுபரிசீலனை செய்யப்பட்டது. ஒரு தகட்டுக்குரிய பணிநேரம் இருபது நிமிடம். மேற்படி நபர் வருட சராசரியாக ஒன்பது நிமிடத்துக்குச் சற்றுக் குறைவாகவே பணியாற்றியிருப்பதும், மீதி நேரத்தின் வேலையை ராமநாதபுரத்தின் வெப்பம் செய்திருப்பதும் அறிக்கையால் ஐயமற நிரூபணமாகிறது. வெப்பம் வாரியத்தின் ஊழியர் அல்ல. ஆகவே அது செய்த வேலையை மேற்படி நபரின் பணிக்காலத்தில் சேர்க்க இயலாது. அவருடைய பத்து வருடப் பணி, நான்கு வருடம் ஐந்து மாதமாகத் திருத்தப்படுகிறது.”

மலையாண்டி நாற்காலியை விட்டு எழுந்தார்.

“அந்தப் பொண்ணு நாஞ் செஞ்சது சரின்னுதான எழுதுச்சு?”

“சரின்னுதான் எழுதியிருக்கு. அதனாலதான் இந்த உத்தரவே.”

“அப்ப தப்புன்னு எழுதியிருந்தா?”

“மெமோ வந்திருக்கும்.”

“நான் தொட்டியில நின்ன நேரம் போக மீதி நேரம் தகடு தேச்சேன், பூச்சுப் பூசினேன், தொட்டி கழுவினேன், ஒங்க கடிகாரத்துக்குச் சாவி குடுத்தேன்.”

“அது எதுவும் அறிக்கையில இல்லையேப்பா” என்றார் கண்காணிப்பாளர், உண்மையான வருத்தத்தோடு. “பயப்படாத. இன்னும் அஞ்சு வருஷம் ஏழு மாசந்தான்.”

“அஞ்சு வருசமா?”

“அதாவது... ராமநாதபுரத்து வெயில்ல அஞ்சு வருஷம் ஏழு மாசம் சேரணும்னா நாள்காட்டிப்படி பன்னெண்டரை வருஷம் ஆகும்.”

மலையாண்டிக்கு அப்போது நாற்பத்தேழு. வாரியத்தில் ஓய்வு வயது ஐம்பத்தெட்டு. நிரந்தரம் ஆவதற்கு ஒன்றரை வருடம் முன்னால் அவர் ஓய்வு பெறுவார். நிரந்தரம் ஆகாதவருக்கு ஓய்வு உண்டா என்று கேட்டோம். அது தனி விஷயம், தனியாக எழுதிக் கேட்க வேண்டும் என்றார்கள்.

உத்தரவு வந்த மறுநாள் முதல் எங்கள் கொட்டகையில் ஒரு மாற்றம் வந்தது. எல்லாத் தினக்கூலிகளும் வேலையை நிழலுக்கு மாற்றினார்கள். தொட்டியைச் சுற்றி ஈரச் சாக்குக் கட்டினார்கள். வேகமாகச் செய்தால் சர்வீஸ் குறையும் என்றானபின் வேகம் எதற்கு? ஈய அச்சுக் கோக்கிறவர்கள்கூட ஒவ்வொரு எழுத்தையும் ஊதி ஆறவைத்துக் கோத்தார்கள். பொங்கலுக்குக் கேட்ட நோட்டீஸ் மாசியில்தான் போகும் என்றிருந்தது. கண்காணிப்பாளர், பணியில் இப்போது ஒரு நிதானம் தெரிகிறது என்று மாத அறிக்கையில் பாராட்டி எழுதினார்.

மலையாண்டி மட்டும் நிழலுக்குப் போகவில்லை. யோசித்துக்கொண்டே இருந்தார். பிறகு என்னிடம் வந்தார்.

“வாரியத்துக்குக் கொடைக்கானல்ல ஒரு கிளை இருக்காம்ல?”

இருந்தது. தென்கடலோர வாரியத்துக்குக் கொடைக்கானலில் எதற்குக் கிளை என்று யாரும் கேட்டதில்லை. அங்கே ஒரு பங்களாவும், ஒரு சமையல்காரரும், பெட்டியில் இருந்து பிரிக்காத ஒரு ஆசிட் தொட்டியும் இருப்பதாகச் செல்லச்சாமி சொல்லியிருக்கிறார்.

“அங்கன குளுருக்குத் தகடு அரை மணி நேரம் கெடக்கணும். அப்படின்னா அங்கன ஒரு நாள் நின்னா ஒன்றரை நாள் சர்வீஸு. நாலு வருசத்துக்குள்ள நிரந்தரம் ஆயிருவேன். எழுது மனுவ.”

அவர் சொல்ல நான் எழுதினேன். தன்னுடைய வேலையை வெயில் பறித்துக்கொள்வதால், வெயில் இல்லாத இடத்துக்குத் தன்னை மாற்றித் தன் வேலையைத் தானே செய்ய அனுமதிக்கும்படி பணிவோடு கேட்டுக்கொள்வதாக எழுதினோம். அதற்குக் கீழே, கூலி இப்போது வாங்குவதே போதும், கம்பளிகூட வேண்டாம் என்றும் எழுதச் சொன்னார்.

பதில் தை மாதம் வந்தது. கண்காணிப்பாளரே தொட்டியடிக்கு வந்து படித்துக் காட்டினார்.

“மனு பரிசீலிக்கப்பட்டது. குளிர்ப் பிரதேசப் பணியிடங்கள் அதிகாரிகளின் கோடைக்கால ஆய்வுக்கென ஒதுக்கப்பட்டவை. தினக்கூலிகளுக்கு வழங்க விதியில் இடமில்லை. மனுதாரர் விரும்பினால், தம் சொந்தப் பொறுப்பில், வாரியத்துக்குச் செலவு ஏற்படாத வகையில், ராமநாதபுரத்தின் வெப்பத்தைக் குறைத்துக்கொள்ள ஆட்சேபம் இல்லை.”

மலையாண்டி ஆட்டுவதை நிறுத்தினார்.

“அய்யா, இத எழுத அவுகளுக்கு எம்புட்டு நாளு ஆச்சு?”

“மூணு மாசம். கோப்பு நாலு மேஜைக்குப் போயிட்டு வரணும்ல.”

“அந்த மூணு மாசமும் அவுக சர்வீஸ்ல சேரும்ல?”

“சேராம?”

“கழிக்க மாட்டாக?”

“அவங்க சர்வீஸ்ல எதுக்குப்பா கழிக்கணும்?”

“ஏசி ரூம்ல ஒக்காந்துதான எழுதுனாக?”

“ஆமா. அதுக்கென்ன?”

“ஒண்ணுமில்லைங்கய்யா” என்றார் மலையாண்டி. “ஒரு கடுதாசிக்கு மூணு மாசமான்னு பாத்தேன். அம்புட்டுக் குளுருல எதுதான் வேகமா நடக்கும்.”

தொட்டியில் கிடந்த தகட்டைத் தூக்கிக் கழுவி என் மேஜையில் வைத்தார். பட்டியலில் பதினேழு நிமிடம் என்று போட்டிருந்தது. அவர் எடுத்தபோது எவ்வளவு ஆகியிருந்தது என்று நான் பார்க்கவில்லை. தகடு சரியாக இருந்தது. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, பகல் பதினொரு மணிக்கு, கேட்டைத் தாமே திறந்துகொண்டு வெளியே போனார். அதற்குப் பிறகு வாரியத்தின் பக்கம் அவர் வரவில்லை. அபிராமத்துக்கு வெளியே கருவேல மரம் வெட்டிக் கரிமூட்டம் போடுகிறார். அங்கே மூட்டம் சீக்கிரம் வெந்தால் சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம்.

கண்காணிப்பாளர் நடந்ததைக் கோப்பில் பதிவு செய்தார். மேற்படி உரையாடல் இரண்டு நிமிடம் நடந்தது என்றும், அது பணி நேரத்தில் நடந்ததால் அந்த இரண்டு நிமிடத்தையும் மலையாண்டியின் நான்கு வருடம் ஐந்து மாதத்தில் இருந்து கழிக்க வேண்டும் என்றும் எழுதி, மதுரைக்கு அனுப்பினார். ஒப்புதல் இன்னும் வரவில்லை.